மெத்தட் ஆக்டிங் என்றால் என்ன? மார்லன் பிராண்டோவை வைத்து ஓர் எளிய விளக்கம்

படத்துக்காக இருபது கிலோ எடை ஏற்றினார். மூன்று மாதம் வீட்டாரோடு பேசவில்லை. படப்பிடிப்பு முடிந்த பிறகும் அந்தப் பாத்திரத்திலிருந்து வெளியே வர முடியாமல் தவித்தார். ஒரு நடிகரைப் பற்றி இப்படிச் செய்தி வந்தால் அடுத்த வரியிலேயே ‘மெத்தட் ஆக்டிங்’ என்ற சொல்லும் வந்துவிடுகிறது. அதைக் கேட்டுக் கேட்டு, உடம்பை வருத்திக்கொள்வதும் நாள் முழுக்கப் பாத்திரமாகவே திரிவதும்தான் மெத்தட் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

இந்தச் சொல் வரும்போதெல்லாம் கூடவே வரும் பெயர் மார்லன் பிராண்டோ. 1924 ஏப்ரல் 3 அன்று பிறந்து, 2004 ஜூலை 1 அன்று காலமான அமெரிக்க நடிகர். ‘காட்ஃபாதர்’ படத்தில் தாடை உப்பிய, குரல் கம்மிய அந்த டான் என்றால் பலருக்கு முகம் நினைவுக்கு வரும். அவர் யாரிடம் என்ன கற்றார், அதைக் கேமராவுக்கு முன்னால் எப்படிப் பயன்படுத்தினார் என்று பார்த்தாலே இந்தக் குழப்பம் பெருமளவு தீர்ந்துவிடும்.

புளியங்காயிலிருந்து தொடங்குவோம்

“எச்சில் ஊறு” என்று உங்கள் வாய்க்கு உத்தரவு போட்டுப் பாருங்கள். ஒன்றும் நடக்காது. இப்போது பிஞ்சுப் புளியங்காய் ஒன்றை எடுத்து, உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு, ஓரத்துப் பல்லால் நறுக்கென்று கடிப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். இந்த வரியைப் படித்து முடிப்பதற்குள் வாயில் தண்ணீர் வந்திருக்கும். உத்தரவுக்கு அசையாத உடம்பு கற்பனைக்கு அசைந்துவிட்டது.

அழுகை, பயம், வெட்கம், கோபம் எல்லாமே இந்த எச்சில் மாதிரிதான். “இப்போது நான் சோகமாக இருக்க வேண்டும்” என்று ஒரு நடிகர் தன்னைத்தானே நெருக்கினால் புருவம் சுருங்கும், உதடு கோணும், அவ்வளவுதான். பார்ப்பவருக்கு அது முகச்சேட்டையாகத் தெரியும்.

இன்னொரு உதாரணம். குடிகாரனாக நடிக்கச் சொன்னால் பலரும் தள்ளாடிக் காட்டுவார்கள். ஆனால் நிஜமாகக் குடித்துவிட்டு இரவில் வீட்டுக்கு வருபவரைக் கவனியுங்கள். நேராக நடக்கத்தான் அவர் படாதபாடு படுவார். படியில் காலை அளந்து அளந்து வைப்பார். சத்தம் வராமல் செருப்பைக் கழற்றப் பார்ப்பார். அந்த அதிகப்படியான ஜாக்கிரதைதான் அவரைக் காட்டிக்கொடுக்கிறது. துக்க வீட்டிலும் இப்படித்தான். மார்பில் அடித்துக்கொண்டு அழுபவரைப் பார்க்கும்போது கலங்காத நமக்கு, வருகிறவர்களுக்கெல்லாம் நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டே இருக்கும் மூத்த மகனைப் பார்க்கும்போது தொண்டை அடைத்துக்கொள்கிறது.

இதுவரை பார்த்தது இரண்டே விஷயம். உணர்ச்சியைக் கூப்பிட்டால் வராது. கற்பனை வழியாகச் சுற்றிப் போய்த்தான் அதைத் தொட முடியும். அப்புறம், வாழ்க்கையில் யாரும் உணர்ச்சியைக் காட்டுவதற்காக உட்கார்ந்திருப்பதில்லை. எல்லோரும் ஏதோ ஒரு காரியத்தை முடிக்கப் பார்க்கிறார்கள், உணர்ச்சி அதன் ஊடே கசிகிறது. இந்த இரண்டும் புரிந்தால் இனி வரும் பெயர்களும் வருடங்களும் சுமையாக இருக்காது.

மாஸ்கோவில் எழுந்த கேள்வி

1898இல் மாஸ்கோ கலை அரங்கத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவர் கான்ஸ்டான்டின் ஸ்டானிஸ்லாவ்ஸ்கி. நடிகர், இயக்குநர். நாடகக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒரு தொல்லை அவரையும் அரித்தது. நேற்று இரவு ஒரு காட்சியில் அரங்கமே உறைந்துபோனது. இன்று அதே வசனம், அதே அசைவு, ஆனால் உள்ளே வெறுமை. மனநிலை வாய்த்தால் நல்ல நடிப்பு, வாய்க்காவிட்டால் இல்லை என்று விட்டுவிட முடியுமா? தினமும் மாலை ஏழு மணிக்குத் திரை தூக்க வேண்டுமே. அதற்கு ஒரு வழியைத் தேடித்தான் வாழ்நாள் முழுக்கப் பயிற்சிகளை உருவாக்கினார், மாற்றினார், மறுபடி மாற்றினார்.

அவர் தந்த சொற்களில் மூன்று போதும். ‘தரப்பட்ட சூழல்’ என்பது காட்சியைப் பற்றி நடிகருக்குத் தெரிய வேண்டிய எல்லாம்: எந்த ஊர், என்ன நேரம், குளிரா வெயிலா, எதிரே நிற்பவருக்கு நான் என்ன உறவு, ஐந்து நிமிடம் முன்பு என்ன நடந்தது. ‘நோக்கம்’ என்பது அந்தக் காட்சியில் பாத்திரம் அடையப் பார்ப்பது: அவளை இங்கேயே நிறுத்தி வைக்க வேண்டும், அவனிடமிருந்து உண்மையை வாங்க வேண்டும், இது போல. மூன்றாவது, ‘இப்படி இருந்தால்’ என்ற கேள்வி. நான் ஒரு கொலைகாரன் என்று நம்பச் சொன்னால் மனம் நம்பாது. “இந்தச் சூழலில் நான் இருந்தால் என்ன செய்வேன்?” என்று கேட்டால் மனம் உடனே வேலையைத் தொடங்கிவிடும். புளியங்காய் செய்ததும் அதுதான்.

1923இல் அவருடைய நாடகக் குழு நியூயார்க்குக்கு வந்து நடித்தது. பார்த்த இளம் நடிகர்கள் மிரண்டுபோனார்கள். மாஸ்கோவில் பயிற்சி பெற்ற ரிச்சர்ட் போலெஸ்லாவ்ஸ்கியும் மரியா ஊஸ்பென்ஸ்காயாவும் நியூயார்க்கிலேயே தங்கி வகுப்பு எடுத்தார்கள். அந்த வகுப்பில் படித்தவர்களில் இரண்டு பெயர்களை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: லீ ஸ்ட்ராஸ்பெர்க், ஸ்டெல்லா ஆட்லர்.

ஒரு குடும்பச் சண்டை

ஸ்ட்ராஸ்பெர்க் இன்னும் இருவரோடு சேர்ந்து 1931இல் ‘குரூப் தியேட்டர்’ என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். ஆட்லர் அதில் முக்கியமான நடிகை. அங்கே ஸ்ட்ராஸ்பெர்க் அழுத்திப் பிடித்துக்கொண்ட பயிற்சிக்கு ‘உணர்வு நினைவு’ என்று பெயர். பாத்திரத்தின் உணர்ச்சிக்கு இணையான ஒன்றைத் தன் சொந்த வாழ்க்கையிலிருந்து நடிகர் எடுத்து வருவது.

இதை எப்படிச் செய்வது என்பதுதான் சுவாரசியம். தம்பி இறந்த காட்சியில் அழ வேண்டும். நடிகருக்கோ சின்ன வயதில் பாட்டி இறந்த நாள் நினைவிருக்கிறது. அந்தத் துக்கத்தையே நேராக நினைக்கக் கூடாது. அந்த அறையின் தைல வாசனை, கட்டிலுக்கு மேலே சுற்றிய மின்விசிறியின் கிறீச் சத்தம், பாதத்துக்குக் கீழே தரை சில்லென்று இருந்தது என்று புலன்களுக்குப் பட்டதை ஒவ்வொன்றாகத் திரும்பக் கூட்ட வேண்டும். துக்கம் தானாக வந்து சேரும்.

நன்றாகவே வேலை செய்யும் முறை. ஆனால் ஆட்லருக்கு இது பிடிக்கவில்லை. ஒவ்வொரு இரவும் சொந்தக் காயத்தைக் கிளறிக்கொண்டே ஒரு கலைஞர் எவ்வளவு காலம் வாழ முடியும்? அதுவும் போக, நாடகம் எழுதியவர் கொடுத்த உலகத்தை விட்டுவிட்டு நடிகர் தன் வீட்டுக் கதைக்குள் போய்விடுகிறாரே? 1934இல் பாரிஸில் ஸ்டானிஸ்லாவ்ஸ்கியை நேரிலேயே சந்தித்து, சுமார் ஐந்து வாரம் அவரோடு வேலை செய்தார். உணர்வு நினைவுக்கு இப்போது அவர் அவ்வளவு இடம் தருவதில்லை, சூழலும் செயலும் கற்பனையும்தான் முதன்மை என்ற செய்தியோடு திரும்பி வந்தார். ஸ்ட்ராஸ்பெர்க் ஏற்கவில்லை. அமெரிக்க நடிப்புலகம் அன்றைக்கு இரண்டாகப் பிரிந்தது.

பிறகு 1947இல் எலியா கசான், செரில் கிராஃபோர்ட், ராபர்ட் லூயிஸ் மூவரும் ‘ஆக்டர்ஸ் ஸ்டுடியோ’ என்ற பயிற்சிக்கூடத்தைத் தொடங்கினார்கள். சற்றுப் பின்னால் வந்து சேர்ந்த ஸ்ட்ராஸ்பெர்க், 1951 முதல் 1982இல் இறக்கும் வரை அதன் கலை இயக்குநராக இருந்தார். ‘மெத்தட்’ என்ற சொல் ஒட்டிக்கொண்டது அவர் பெயரோடுதான்.

ஆக, கறாராகச் சொன்னால், மெத்தட் என்பது ஸ்டானிஸ்லாவ்ஸ்கியின் கருத்துகளிலிருந்து ஸ்ட்ராஸ்பெர்க் வளர்த்தெடுத்த பயிற்சி: உடலைத் தளர்த்துவது, புலன் நினைவைக் கூட்டுவது, உணர்வு நினைவைத் தொடுவது. தளர்வாகச் சொன்னால் ஆட்லரின் வழி உட்பட அந்த ரஷ்ய வேரிலிருந்து அமெரிக்காவில் கிளைத்த எல்லாமே. இந்த இரண்டு அர்த்தத்திலும் எடை ஏற்றுவது, பேசாமல் இருப்பது, பாத்திரத்தின் பெயரைச் சொல்லிக் கூப்பிடச் சொல்வது எதுவும் கிடையாது.

ஒமாஹாவிலிருந்து வந்த பையன்

பிராண்டோ பிறந்தது நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹா நகரத்தில். அம்மா டோரதி அந்த ஊர் நாடகக் குழுவில் நடித்தவர். பின்னாளில் பெரிய நட்சத்திரமான ஹென்றி ஃபோண்டாவை மேடைக்குக் கொண்டுவந்ததில் அவருக்குப் பங்கு உண்டு. அதே அம்மா குடிக்கு அடிமையாகவும் இருந்தார். பையனுக்குப் படிப்பு ஒட்டவில்லை. பள்ளியிலிருந்து நீக்கினார்கள். அப்பா மின்னசோட்டாவில் ஒரு ராணுவப் பள்ளியில் சேர்த்தார், அங்கேயும் நீக்கினார்கள். 1943இல், பத்தொன்பது வயதில், அக்காமார் இருந்த நியூயார்க்குக்கு வந்தான். அக்கா ஜோசலின் நடிகை. தம்பியும் ஒரு நாடகப் பட்டறையில் சேர்ந்தான். அங்கே ஆசிரியையாக இருந்தவர் ஸ்டெல்லா ஆட்லர்.

அந்த வகுப்பைப் பற்றி நடிப்புப் பள்ளிகளில் இன்றும் சொல்லும் ஒரு கதை உண்டு. எல்லோரும் கோழிகளாக மாறுங்கள், தலைக்கு மேலே குண்டு விழப் போகிறது என்றாராம் ஆட்லர். மாணவர்கள் சிறகடித்து, கொக்கரித்து, அறை முழுக்க ஓடினார்கள். பிராண்டோ மட்டும் ஒரு மூலையில் குந்தி அமைதியாக முட்டை இட்டுக்கொண்டிருந்தான். கோழிக்குக் குண்டைப் பற்றி என்ன தெரியும்? மற்றவர்கள் மனிதப் பயத்தைக் கோழி உடம்பில் காட்டினார்கள். அவன் தரப்பட்ட சூழலைக் கோழியின் பக்கம் நின்று யோசித்தான்.

1944இல் நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் பிராட்வே மேடைக்கு வந்தார். 1947 டிசம்பரில் டென்னசி வில்லியம்ஸ் எழுதிய ‘எ ஸ்ட்ரீட்கார் நேம்ட் டிசையர்’ நாடகத்தில், கசான் இயக்கத்தில், ஸ்டான்லி கோவால்ஸ்கியாக நின்றபோது அவருக்கு இருபத்து மூன்று வயது. 1951இல் அது படமானது. 1951 முதல் 1954 வரை வந்த படங்களுக்காகத் தொடர்ந்து நான்கு முறை சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் பரிந்துரை.

ஆக்டர்ஸ் ஸ்டுடியோவின் தொடக்க நாட்களில் பிராண்டோ அங்கே போனதுண்டு. அதை வைத்து அவரை ஸ்ட்ராஸ்பெர்க்கின் மாணவர் என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. பிராண்டோவுக்கு அது கடைசி வரை பிடிக்கவில்லை. தனக்கு நடிப்புச் சொல்லிக்கொடுத்தவர்கள் ஆட்லரும் பிறகு கசானும்தான் என்று 1994இல் வெளியிட்ட சுயசரிதையில் தெளிவாகவே எழுதினார். மெத்தட்டின் முகமாக உலகம் கொண்டாடும் நடிகர், மெத்தட்டின் குருவாகக் கருதப்படுபவரைத் தன் குரு இல்லை என்றார். இந்த ஒரு தகவல் தெரிந்திருந்தாலே பாதிக் குழப்பம் வந்திருக்காது.

ஒரு கையுறையைப் பாருங்கள்

சரி, இதெல்லாம் திரையில் எப்படித் தெரியும்? 1954இல் வந்த ‘ஆன் த வாட்டர்ஃபிரண்ட்’ படத்தில் ஒரு பூங்காக் காட்சி. நியூ ஜெர்சியின் ஹோபோக்கன் நகரத்தில், நல்ல குளிர்காலத்தில் எடுத்தது. பிராண்டோ நடிக்கும் டெர்ரி துறைமுகத் தொழிலாளி, ஒரு காலத்தில் குத்துச்சண்டைக்காரன். கூட நடந்து வரும் ஈடியாக நடித்தவர் ஈவா மேரி செயின்ட். ஈடியின் அண்ணன் கொல்லப்பட்டதில் டெர்ரிக்கும் பங்கு இருக்கிறது. அது அவளுக்குத் தெரியாது. அவளைப் பிடித்திருக்கிறது, பக்கத்தில் நிற்கவும் கூச்சமாக இருக்கிறது.

ஒத்திகையில் ஈவா மேரி செயின்ட் தன் வெள்ளைக் கையுறையைத் தற்செயலாகக் கீழே போட்டுவிட்டார். வேறு நடிகராக இருந்தால் எடுத்துக் கொடுத்துவிட்டு வசனத்தைத் தொடர்ந்திருப்பார், அல்லது நிறுத்தி முதலிலிருந்து ஆரம்பித்திருப்பார். பிராண்டோ எடுத்தார், கொடுக்கவில்லை. படத்தில் பாருங்கள்: ஒட்டியிருக்கும் தூசியைத் தட்டுகிறார். குழந்தைகளின் ஊஞ்சலில் போய் உட்காருகிறார். பேசிக்கொண்டே அந்தச் சின்னக் கையுறையைத் தன் பெரிய கையில் நுழைத்துக்கொள்கிறார். அவள் வாங்கக் கை நீட்டுகிறாள், பேச்சு தொடர்கிறது. கையுறை இல்லாமல் அவளால் போக முடியாது.

முன்பு சொன்ன சொற்களை இங்கே வைத்துப் பார்க்கலாம். டெர்ரியின் நோக்கம் அவளை இன்னும் கொஞ்ச நேரம் நிறுத்துவது. தரப்பட்ட சூழலில் அவன் அவளைத் தொட முடியாது. தொடக்கூடிய உரிமையும் அவனுக்கு இல்லை. கையுறையைத் தொடலாம். காதல் என்ற சொல் வராமல், குற்ற உணர்ச்சி என்று முகத்தில் எழுதிக்கொள்ளாமல், இரண்டும் அந்தக் கை வேலையில் வந்துவிடுகின்றன. இந்தப் படத்துக்குத்தான் அவருக்கு முதல் ஆஸ்கர் கிடைத்தது. என்னைக் கேட்டால், நடிப்புப் பற்றிப் பத்துப் புத்தகம் படிப்பதைவிட இந்தச் சில நிமிடத்தைச் சத்தத்தை அணைத்துவிட்டு ஒருமுறை பார்ப்பது மேல்.

முணுமுணுப்பதா மெத்தட்?

பிராண்டோ வாய்க்குள்ளேயே பேசுகிறார், அதுதான் இயல்பு, அதுதான் மெத்தட் என்றொரு எண்ணமும் உண்டு. ஸ்டான்லி அப்படிப் பேசுவான், டெர்ரியும் அப்படிப் பேசுவான். அவர்கள் பேச்சு அப்படி. 1953இல் ஷேக்ஸ்பியரின் ‘ஜூலியஸ் சீஸர்’ படத்தில் மார்க் ஆண்டனியாக நடிக்கிறார் என்றதும் பலர் சந்தேகப்பட்டார்கள். அதே படத்தில் கேசியஸாக நடித்த ஆங்கில நடிகர் ஜான் கில்குட்டிடம் வசனத்தைச் சொல்லிக் காட்டி யோசனை கேட்டார் பிராண்டோ. படத்தில் அவர் குரல் கணீரென்று கேட்கிறது. ஆஸ்கர் பரிந்துரையும் வந்தது. பேச்சு நடிகருடையது இல்லை, பாத்திரத்துடையது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

அப்படியானால் சக்கர நாற்காலி?

எடை, சக்கர நாற்காலி, மருத்துவமனைவாசம் எல்லாம் எங்கிருந்து இந்தச் சொல்லுக்குள் வந்தன? பிராண்டோவின் முதல் படத்திலேயே அதற்கு ஒரு விதை இருக்கிறது. 1950இல் வந்த ‘த மென்’ படத்தில் போரில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்த வீரராக நடித்தார். அதற்காகக் கலிஃபோர்னியாவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில் சில வாரம் அப்படிப்பட்ட வீரர்களோடு தங்கினார். சக்கர நாற்காலியில் அவர்கள் எப்படித் திரும்புகிறார்கள், எதற்குச் சிரிக்கிறார்கள், எதற்கு எரிச்சல்படுகிறார்கள் என்று கவனித்தார்.

இது நல்ல தயாரிப்பு. இதற்குப் பெயர் கவனிப்பு. ஆட்லர் மாணவர்களிடம் வற்புறுத்தியதும் உலகத்தைக் கவனிக்கத்தான். தரப்பட்ட சூழல் நிரம்ப வேண்டுமானால் அதற்கான தகவல் எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். ஆனால் தகவல் சேர்ப்பது சமையலுக்குக் காய் வாங்கி வருவது போல. வாங்கி வந்ததே சமையல் ஆகிவிடாது. 1980இல் ‘ரேஜிங் புல்’ படத்துக்காக ராபர்ட் டி நீரோ ஏறக்குறைய 27 கிலோ எடை ஏற்றினார். அவரும் ஆட்லரிடம் படித்தவர்தான். அந்த எடை பாத்திரத்தின் உடம்பைத் தந்தது. அந்த உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதை எடை சொல்லித் தராது. தராசு முள் காட்டும் எண்ணைச் செய்தியாக எழுதுவது சுலபம், கையுறையைப் பற்றி எழுதுவது கடினம். பெயர் தராசுக்குப் போய்விட்டது.

கூட நடிப்பவரை ஏமாற்றுவது

இந்தத் தவறான புரிதலில் என்னை மிகவும் உறுத்துவது ஒன்று உண்டு. “நிஜ உணர்ச்சி வேண்டும்” என்ற பெயரில் மற்றவருக்குச் செய்யும் கொடுமை. பிராண்டோவின் வாழ்க்கையிலேயே அந்தக் கறை இருக்கிறது. 1972இல் பெர்னார்டோ பெர்டோலூச்சி இயக்கிய ‘லாஸ்ட் டாங்கோ இன் பாரிஸ்’ படத்தில் ஒரு வன்முறைக் காட்சி. அதன் முக்கியமான ஒரு விவரத்தைப் பத்தொன்பது வயது நடிகை மரியா ஷ்னைடரிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. தான் அவமானப்பட்டதாகவும் அழுதது நிஜமான அழுகை என்றும் 2007இல் அவர் சொன்னார். அவரிடம் வேண்டுமென்றேதான் சொல்லவில்லை என்று 2013இல் பெர்டோலூச்சியும் ஒப்புக்கொண்டார்.

இதை எந்த நடிப்பு முறையும் கேட்கவில்லை. ஸ்டானிஸ்லாவ்ஸ்கியின் ‘இப்படி இருந்தால்’ என்ற கேள்விக்கு உயிரே அந்த ‘ஆல்’ விகுதிதான். அதை எடுத்துவிட்டு ஒருவருக்கு நிஜமாகவே அதைச் செய்தால் அங்கே நடிப்பே இல்லை. பெரிய நடிகர் என்பதற்காக இதைக் கடந்துபோக முடியாது.

வெளியிலிருந்தும் உள்ளே போகலாம்

அறுபதுகளில் பிராண்டோவின் படங்கள் பெரும்பாலும் சரிவுதான். ‘காட்ஃபாதர்’ பேச்சு வந்தபோது தயாரிப்பு நிறுவனத்துக்கு அவர் வேண்டாம். இயக்குநர் ஃபிரான்சிஸ் ஃபோர்ட் கொப்போலா கேமராவோடு அவர் வீட்டுக்கே போனார். பிராண்டோ தலைமுடியில் ஷூ பாலிஷ் தேய்த்துக் கறுப்பாக்கினார், கன்னத்துக்குள் மெல்லிய டிஷ்யூ காகிதத்தை அடைத்துக்கொண்டார். கிழட்டு நாயின் தாடை மாதிரி ஒரு முகம் கிடைத்தது. அதற்குப் பிறகுதான் குரல், அதற்குப் பிறகுதான் நடை. படப்பிடிப்பில் காகிதத்துக்குப் பதிலாகப் பல் மருத்துவர் செய்த ஒரு பொருத்தியை வாயில் மாட்டிக்கொண்டார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தேழு.

உள்ளிருந்து வெளியே வருவதுதான் மெத்தட், வேஷம் கட்டுவது பழைய பாணி என்று பிரித்துப் பேசுகிறவர்கள் இந்தக் காகிதத்தை மறந்துவிடுகிறார்கள். இதே படத்தில் பிராண்டோ வசனத்தை மனப்பாடம் செய்யாமல் அட்டைகளில் எழுதி, எதிரே நிற்கும் நடிகர் மீதுகூட ஒட்டி வைத்துப் படித்தார். அடுத்து என்ன பேசப் போகிறோம் என்று நிஜத்தில் யாருக்கும் தெரியாதே என்பது அவர் சொன்ன காரணம். இந்தப் படத்தில் அது பலித்தது. பிந்தைய சில படங்களில் அக்கறையின்மையாகத்தான் எனக்குப் படுகிறது. 1973 மார்ச்சில் இந்தப் பாத்திரத்துக்கு ஆஸ்கர் அறிவித்தபோது, அமெரிக்கப் பூர்வகுடிகளை ஹாலிவுட் காட்டும் விதத்தைக் கண்டித்து அவர் ஏற்க மறுத்தார். அவர் சார்பில் மேடை ஏறி மறுப்பைச் சொன்னவர் சஷீன் லிட்டில்ஃபெதர்.

அதே படத்தில் டான் இறக்கும் காட்சி. வீட்டுத் தோட்டம், தக்காளிச் செடிகள், பேரனாகச் சின்னக் குழந்தை ஒன்று. அவ்வளவு சின்னக் குழந்தைக்குத் தரப்பட்ட சூழலும் தெரியாது, நோக்கமும் தெரியாது. பிராண்டோ ஆரஞ்சுத் தோலை வெட்டி, பல்லுக்கு மேலே செருகி, கோரைப்பல் மாதிரி காட்டி உறுமினார். அது அவருடைய சொந்த யோசனை. குழந்தை நிஜமாகவே பயந்து முகத்தைச் சுளித்தது. அவர் உடனே சிரித்து, அதைத் தூக்கி அணைத்துக்கொண்டார். கேமரா ஓடிக்கொண்டிருந்தது.